நான்காவது சொல்லுக்கு ஓர் உதாரணம்

ரயிலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ரயில் பாதைகளுக்குப் பெயர் வைக்கும் வேலையை ஏற்றுக்கொண்டவன் நான். அதுவும் ரயில் ஓடுகிற பாதைகளுக்கு இல்லை, ஓடாதவற்றுக்கு. பெரம்பலூர்க்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை அமையாது என்று நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்காமலே அப்படி நினைத்தேன், அதுதான் வித்தியாசம்.

எங்கள் மாவட்டத் தலைநகரில் தண்டவாளம் கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ரயில் வரும் என்பார்கள்; தேர்தல் மட்டும் வந்துவிட்டுப் போகும். ரயில் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்து அரியலூருக்குப் போக வேண்டும். அப்படி ஒருமுறை போய், திருச்சிக்கு டிக்கெட் எடுத்து, தப்பான பிளாட்பாரத்தில் நின்று, வந்த வண்டியில் நிதானமாக ஏறி, ஜன்னலோரம் பிடித்து, விருத்தாசலத்தில் போய் இறங்கியவன் நான். வழியில் செந்துறை என்ற பெயர்ப்பலகையைக் கண்ணால் பார்த்தேன். செந்துறை திருச்சிக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும், திருச்சிக்குப் போகிற வழியில் இன்னொரு செந்துறை இருக்கும்போல என்று சமாதானம் செய்துகொண்டு கடலை தின்றுகொண்டிருந்தேன். கண் பார்த்ததைவிட மனசு முடிவு கட்டியதை நம்புவது என் சுபாவம். இனிமேல் சொல்லப்போவது எல்லாமே அந்தச் சுபாவம் செய்த வேலை.

பழைய ரயில் பாதைகளைத் தேடிப் போய்ப் பார்க்கிறவர்களின் கைப்பேசிக் குழு ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் அதை நடத்துகிறார். தமிழ்நாட்டில் வண்டி ஓடாத பாதைகளையெல்லாம் ஒரு வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் குறிப்பு எழுதுவது அவர்கள் திட்டம். சிக்கல் சொற்களில் வந்தது. ஒருவர் பழைய பாதை என்று எழுதுவார், இன்னொருவர் செத்த பாதை என்பார், மூன்றாமவர் உணர்ச்சிவசப்பட்டு மறைந்த பாதை என்பார். ஓர் உறுப்பினர், கைவிடப்பட்ட பாதை என்று வரைபடத்தில் போட்டிருந்ததை நம்பி, மனைவி மக்களோடு தண்டவாளத்தில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்திருக்கிறார். தூரத்தில் ஹாரன் கேட்டிருக்கிறது. புளிச்சோறு போயிற்று, மற்றவர்கள் தப்பித்தார்கள். அதன் பிறகுதான், யாராவது உட்கார்ந்து இந்தச் சொற்களைத் தெளிவுபடுத்துங்கள் என்று ஆசிரியர் கேட்டார். நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிப் பிழைக்கிறவனை யாராவது தீவிரமான வேலைக்குக் கூப்பிட்டால் அவன் என்ன செய்வான்? ஓடிப்போய்ச் சம்மதித்தேன்.

ஐந்து சொற்களை வகுத்தேன். அவற்றை இன்றும் குறை சொல்ல மாட்டேன். சொற்கள் என்ன பாவம் செய்தன?

தண்டவாளம் இருக்கிறது, சொந்தக்காரர் இருக்கிறார், வண்டி மட்டும் வரவில்லை என்றால் அது ஓய்விலிருக்கும் பாதை. திருப்பூருக்கு வேலைக்குப் போன குடும்பத்தின் வீடு மாதிரி. கதவு பூட்டியிருக்கும், கரண்ட் பில் மட்டும் கட்டிக்கொண்டிருப்பார்கள், தீபாவளிக்கு ஆள் வந்தாலும் வரலாம். இனி வண்டி விடுவதில்லை என்று சொந்தக்காரரே முடிவெடுத்து அறிவித்துவிட்டால் மூடிய பாதை. கோர்ட்டில் தீர்ப்பான கல்யாணம். இரும்பையும் கட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் வெறும் மேடு மட்டும் மிச்சமென்றால் பெயர்த்த பாதை. நான்காவது, கைவிட்ட பாதை. இதில் தண்டவாளம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முக்கியம் என்னவென்றால் அது யாருடையது என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தெருமுனையில் சக்கரமில்லாமல் நிற்கும் வேன் மாதிரி, கோழி முட்டையிடத்தான் அது இருக்கிறது என்று ஊரே ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். மீட்டர்கேஜை அகலப்பாதையாக மாற்றியபோது கொஞ்சம் தள்ளிப் புதுப்பாதை போட்டு, பழைய மண்மேட்டை அப்படியே விட்டுவிட்ட இடங்கள் உண்டு. அவற்றுக்கு விலகிய தடம் என்று பெயர் வைத்தேன். திட்டம் போட்டுப் போடாமலே போன பாதைக்கு என்ன பெயர் என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பெரம்பலூர் என்றே பெயர் வைத்துவிடலாம் என்றேன். கைதட்டும் படங்கள் வந்து குவிந்தன. அந்தப் படங்களுக்கு ஒரு போதை உண்டு.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புகைப்படம் வேண்டும் என்று முடிவாயிற்று. மற்ற நான்குக்கும் எளிதில் கிடைத்துவிட்டது. நான்காவது சொல்லுக்குத்தான் கிடைக்கவில்லை. யார் எந்தப் படத்தை அனுப்பினாலும் அதற்கு எங்கோ ஒரு சொந்தக்காரர் இருந்தார். ரயில்காரர்கள் ஒரு கைப்பிடி மண்ணைக்கூட மறக்க மாட்டார்கள் சார், உங்கள் நான்காவது சொல்லை எடுத்துவிடுங்கள் என்று ஒருவர் எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. ஐந்தில் ஒன்று போனால் நான்கு இருக்கிறது என்று விட்டிருக்கலாம். பெற்ற பிள்ளையைப் போல அதைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பொங்கல் வந்தது.

அரியலூரிலிருந்து செந்துறை போகும் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் அக்கா இருக்கிறாள். கூடப் பிறந்தவள் இல்லை, பெரியம்மா மகள். அவளுக்குக் கூடப் பிறந்த ஆண் கிடையாது என்பதால், வருஷா வருஷம் பொங்கல் சீர் கொண்டுபோகும் தம்பி நான்தான். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், ஒரு புடவை. கரும்போடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கரும்பைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், இரண்டில் எது இறங்கினால் தேவலை என்று யோசிப்பார். அந்த வருஷம் சீரைவிட எனக்கு வேறொன்றில்தான் ஆர்வம். அக்காவின் காட்டை ஒட்டி ஒரு தண்டவாளம் போகிறது. மெயின் லைனிலிருந்து பிரிந்து ஒரு சிமெண்ட் ஆலைக்குப் போகும் கிளைப் பாதை. ரயில்காரர்கள் அதைச் சைடிங் என்பார்கள். ஊரில் பழைய ரயில் ரோடு. ஆலை சரக்கையெல்லாம் லாரிக்கு மாற்றிக்கொண்ட பிறகு அதில் வண்டி வருவது நின்றுவிட்டது.

வாசலில் கரும்பைச் சாய்த்துவிட்டு, அதைப் பார்க்கப் போகலாமா என்றேன்.

"என்னாடா, சீரு கொண்டாந்தியா, ரயிலு பாக்க வந்தியா?" என்றாள் அக்கா.

"ரெண்டுக்கும்தாங்க்கா."

"ரயிலே வராத எடத்துல என்னத்தடா பாக்கப் போற?"

"அது வராததத்தாங்க்கா பாக்கணும்."

கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாமா, அதாவது அக்காவின் கணவர், தலையைத் தூக்கினார். "மாப்ள எழுதறத ஒருத்தனும் படிக்கறதில்ல. அதான் மனசு ஒத்துப்போற மாதிரி, வண்டி ஓடாத ரோடா பாத்துப் போறாரு. கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டு."

அக்காவும் நானும் நடந்தோம். தண்டவாளத்துக்கு நடுவில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நின்றது. இரும்பு முழுக்கத் துரு. ஓரமாக, சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டிய சிமெண்ட் மேடை ஒன்று, பேருந்து நிலையம் அளவுக்கு நீளமாகக் கிடந்தது. அதில் ஆடுகள் படுத்திருந்தன. பாதையின் குறுக்கே ஓர் இரும்புக் கதவு. வேலி எப்போதோ போய்விட்டதால், கதவு மட்டும் தனியாகப் பூட்டிக்கொண்டு நின்றது. ஊரே அதைச் சுற்றிப் போய்வந்தது. துரு ஏறிய கதவு, படர்ந்த கொடி, படுத்திருக்கும் ஆடு. என் நான்காவது சொல் என் கண்முன்னால் அசை போட்டுக்கொண்டிருந்தது.

கதவு பழசு. அதில் தொங்கிய பூட்டு புதுசு. பித்தளை வெயிலில் பளபளவென்று மின்னியது.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆளில்லாத இடத்தில் புதுப்பூட்டு எதற்கு என்ற கேள்வி வாசல் வரைக்கும் வந்தது, நான்தான் உள்ளே விடவில்லை. புகைப்படம் எடுக்கும்போது பூட்டு கண்ணை உறுத்தியது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தேன். பூட்டு படத்துக்கு வெளியே போய்விட்டது. ஆடு உள்ளே வந்தது. அருமையான படம்.

பிறகு அக்காவுக்கு விளக்க ஆரம்பித்தேன். நான் விளக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்பது எங்கள் சொந்தபந்தத்தில் பிரசித்தம். ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பையின் வரலாற்றை நான் சொல்லி முடிப்பதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கும் மேடையில் ஏறி நின்று, ஓய்வு, மூடல், பெயர்ப்பு என்று திருப்பூர் வீடு, சக்கரமில்லாத வேன் எல்லாம் சேர்த்து ஐந்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா ஆட்டுக்குக் கருவேலங்காய் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இம்புட்டும் சொன்னியே. இதுல இனிமே வண்டி வருமா, வராதா?"

அவள் ஏன் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் மக்காச்சோளம் காய்வது தார்ரோட்டில்தான். அறுவடை நேரத்தில் பாதி ரோடு மஞ்சளாகிவிடும். சோளத்தைப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்து எல்லை கட்டி, வெயிலில் காலாலேயே கிளறிவிடுவார்கள். நல்ல இடம் பிடிக்க, தியேட்டரில் துண்டு போடுகிற மாதிரி, விடிவதற்கு முன்பே சாக்கை விரித்துவைத்துவிடுவார்கள். ஆனால் அரியலூர்ப் பக்கத்து ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும். முந்தின வருஷம் ஒரு லாரி அக்காவின் சோளத்தின் மேலேயே ஏறிப் போய்விட்டது. பாதி மாவாயிற்று, மீதியில் கல் கலந்தது. அவர்களுக்கு இருப்பது வானம் பார்த்த காடு. வருஷத்துக்கு இந்த ஒரு சோளம்தான். இதை நம்பித்தான் மகளை நர்சிங் படிப்பில் சேர்த்திருந்தார்கள். அடுத்த வருஷப் படிப்புக்கான பணம் அந்த நேரத்தில் செடியில் கதிராக நின்றுகொண்டிருந்தது. லாரி வராத, மேடான, சிமெண்ட் போட்ட இந்த மேடையை அக்கா எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சின்னச் சொல். ஐந்து சொற்களை வகுத்த வாயில் அது வரவில்லை.

"இது கைவிட்ட பாதைக்கா," என்றேன். "இனிமே எந்தக் காலத்துலயும் வராது."

அன்று சாயங்காலமே படத்தைக் குழுவில் போட்டேன். கீழே, கைவிட்ட பாதை, அரியலூர் மாவட்டம் என்று எழுதினேன். நான்காவது சொல்லை எடுத்துவிடச் சொன்னவரே வந்து கைதட்டினார். பஸ்ஸில் திரும்பும்போது மகிழ்ச்சியில் கண்டக்டரிடம் சில்லறை வாங்க மறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு நாள் பெரம்பலூரில் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, இன்னொரு கன்னத்தில் சோப்பு நுரை. கைப்பேசி அடித்தது. அக்கா. எடுத்தால் ஓர் ஆண்குரல்.

"வணக்கம் சார். சைடிங்கு கிளீன் பண்ற காண்ட்ராக்டுல சூப்பர்வைசர் பேசறேன். ஆலையில மறுபடியும் ரயில்ல சரக்கு ஏத்தப் போறாங்க சார். பொக்லைன் கொண்டாந்து நிறுத்தியிருக்கேன். மேடை பூரா இந்தம்மா சோளத்தக் காயப் போட்டிருக்காங்க. அள்ளுங்கம்மான்னா, இது கைவிட்ட பாதைங்கறாங்க. ஓய்வுல இருக்கறது வேறயாம், மூடுனது வேறயாம், பேத்தது வேறயாம். இது நாலாவதாம். எனக்குத் தல சுத்துது. நீங்க ரயில்வேங்களா சார்?"

அக்கா எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தாள். என் வாழ்நாளில் நான் சொன்னதை இவ்வளவு ஒழுங்காக யாரும் திருப்பிச் சொன்னதில்லை.

"இல்லங்க. நான்... எழுதறவன்."

"எழுதறவர்னா? ஆபீஸ்லயா?"

"கட்டுரைங்க."

அந்தப் பக்கம் பொக்லைன் உறுமும் சத்தம். அதற்கும் மேலே அக்காவின் குரல் கேட்டது: "அந்த அஞ்சையும் அவருகிட்ட வெவரமா சொல்லுடா! மொதல்லேர்ந்து சொல்லு!"

"சார், இது கம்பெனி எடம்," என்றார் சூப்பர்வைசர். "இவங்க மேல கம்ப்ளைண்ட் குடுக்கற மாதிரி வெச்சுக்காதீங்க. நீங்க சொன்னீங்கன்னு சொல்றாங்க. எத வெச்சு சார் சொன்னீங்க?"

கம்ப்ளைண்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் என் புலமை அத்தனையும் நுரையோடு கரைந்துவிட்டது. கண்ணாடியில் பாதி முகம் தெரிந்தது. கடைக்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"அது ஓய்விலிருக்கும் பாதைதாங்க," என்றேன். "அள்ளிடச் சொல்லுங்க."

வைத்துவிட்டேன். ஒரு பொங்கல் முழுக்கப் பேசி நிலைநாட்டியதை ஒரே மூச்சில் மாற்றிவிட்டேன். இரண்டாவது கன்னத்தை மழிக்கும்போது கடைக்காரர், "வூட்ல ஏதும் பிரச்சினைங்களா சார்?" என்று கேட்டார். தலையை ஆட்டக்கூடாது என்பதால் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

அன்று பிற்பகல் மழை பெய்தது. மாசியில் யாரும் எதிர்பார்க்காத மழை. பெரம்பலூரில் என் வீட்டு ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழையை நான் இத்தனை கவனமாக எப்போதும் கேட்டதில்லை. போன் செய்யத் தைரியம் வரவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். மேடை காலியாக, கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. கருவேலம் எல்லாம் வேரோடு புரண்டு கிடந்தது. நடுவில் தண்டவாளம் இரண்டு கோடாகத் தெளிவாகத் தெரிந்தது. அது ஓய்வாகக்கூட இல்லை, வேலைக்குக் கிளம்பி நிற்கிற ஆள் மாதிரி இருந்தது. சோளம் மேடைக்குக் கீழே, பள்ளமான வெற்றுத்தரையில் தார்ப்பாய்க்கு அடியில் குவிந்திருந்தது. மாமா தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். மேலே நனையவில்லை. அடியில் தண்ணீர் புகுந்து ஓடியிருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். குவியலின் உள்ளே வெதுவெதுவென்று ஒரு சூடு, காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரி.

நடந்ததை மாமா சொன்னார். மேகம் கூடுவதைப் பார்த்துவிட்டு அவர் டிராக்டர் கேட்டுப் பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார். சோளத்தை மூட்டை கட்டி, ஏற்றி, பள்ளிக்கூட வராந்தாவில் அடுக்கிவிடுவதாக ஏற்பாடு. அவர் போன பிறகுதான் சூப்பர்வைசர் வந்திருக்கிறார். உடனே காலி பண்ண வேண்டும் என்றதும், அக்காவும் கூட இருந்த பெண்களும் கையில் கிடைத்ததை வைத்து மேடையிலிருந்து கீழே தள்ளியிருக்கிறார்கள். தள்ளி முடித்து மூடினார்கள், மழை பிடித்துக்கொண்டது. டிராக்டர் மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா அள்ளிப் போட்டிருக்கலாம்," என்றார் மாமா. "டிராக்டர்காரன் டீ குடிச்சுட்டு வரேன்னான்."

அவர் டிராக்டர்காரரைத் திட்டினார், மழையைத் திட்டினார், ஆலையைத் திட்டினார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா, "சாப்ட்டியாடா?" என்று மட்டும் கேட்டாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோளத்தைக் கிளறினேன். என்னைப்போல ஒருவன் கிளறினால் சோளம் காயாது என்பது பார்த்தாலே தெரியும், ஆனாலும் நிறுத்தவில்லை. ரோட்டோரம் யாரோ விட்டுக்கொடுத்த இடத்தில் பரப்பினோம். வெயில் வர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் அடிச்சோளத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் கட்டிவிட்டது.

வியாபாரி வந்தார். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு வாங்குகிறவர். ஈரம் பார்க்கும் மெஷினைக்கூட வெளியே எடுக்கவில்லை. ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"மேல்சோளத்த எடுத்துக்கறேங்க. அடிச்சோளம் கோழிக்கு ஆவாது. மாட்டுக்குன்னு யாரும் கேட்டா குடுங்க, இல்லாட்டி குப்பையில கொட்டுங்க."

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க," என்றாள் அக்கா. அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு காலில் ஒட்டிய சோளத்தைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சோளம் ஒட்டியிருந்தால் எவ்வளவு நேரம் தட்ட முடியுமோ அவ்வளவு நேரம் தட்டினேன்.

ஊருக்குத் திரும்பி, குழுவிலிருந்து அந்தப் படத்தை நீக்கினேன். நான்காவது சொல்லுக்கு உதாரணம் திரும்பப் பெறப்படுகிறது என்று எழுதினேன். ஏன் சார் என்று ஒருவர் கேட்டார். அந்தப் பாதையில் வண்டி வரப்போகிறது என்றேன். ஒரு பழைய பாதைக்கு உயிர் வந்துவிட்டது என்று எல்லோரும் குதூகலப்பட்டார்கள். முன்பைவிட அதிகமாகக் கைதட்டும் படங்கள் வந்தன. கைப்பேசியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன்.

அதன் பிறகு பல வாரங்கள் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. போகாததற்கு விதவிதமாகக் காரணம் வைத்திருந்தேன். உண்மையில், என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்பதல்ல என் குற்றம்; தப்பு யாருக்கும் வரும். பூட்டைப் பார்த்தும் நகர்ந்து நின்றேனே, அது. ஒரு படத்துக்காக அவள் சோளத்தை அங்கே கொண்டுபோய்ப் போடவைத்தேனே, அது. அவள் என் படிப்பை நம்பி, அன்னியர் ஒருவர் முன்னால் என் சொற்களை வரிசை மாறாமல் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சோப்பு நுரையோடு அவளை விட்டுவிட்டு ஓடினேனே, அது. இதையெல்லாம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால்தான் இனி அடுத்த பொங்கலுக்குக் கரும்பைத் தூக்க முடியும் என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. முன்பு நிற்காத இடம். கேட்டுக்கு அப்பால் கூட்ஸ் வண்டி ஒன்று, புதுசாகப் பாலீஷ் போட்ட தண்டவாளத்தில் அசைந்து அசைந்து ஆலைப் பக்கம் போனது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். ரயில் பார்ப்பதற்கென்றே பிறந்ததாகச் சொல்லிக்கொள்கிறவன் மட்டும் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காதில் தோடு இல்லை. தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. மகளின் படிப்பு நிற்கவில்லை என்பதற்கு அந்தக் குச்சிதான் சாட்சி. கொண்டுபோயிருந்த பணக் கவரை மாமாவிடம் நீட்டினேன்.

"என்னா மாப்ள இது? சீருதான் தையிலயே வந்துருச்சே," என்று என் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகிவிட்டு அவர் மாட்டைப் பார்க்கப் போனார்.

அக்காவின் எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஒத்திகை பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். நான்காவது சொல்லை, அதற்கு உதாரணம் கிடைக்காததை, பூட்டை, இரண்டடி நகர்ந்ததை, முடிவெட்டும் கடையை. இடையில் குரல் கொஞ்சம் கம்மியது. அதையும் நானே கவனித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நீண்ட நேரம் பேசியிருக்க வேண்டும். நான் முடிக்கும்போது முறத்திலிருந்த வெங்காயம் முழுக்கப் பொறுக்கித் தீர்ந்திருந்தது.

"என்ன நம்பித்தானக்கா அங்க கொண்டுபோய்ப் போட்ட," என்று முடித்தேன்.

அக்கா முறத்தைத் தட்டித் தோலை ஊதினாள்.

"ஒன்ன நம்பியா? நல்லாருக்குடா. அன்னிக்கு ரோட்டுல கீழத்தெருக்காரங்க கோழி கூப்புடவே சாக்க விரிச்சுட்டாங்க. எனக்கு எடமில்ல, மேடையில போட்டேன். பூட்டு புதுசுன்னு எனக்குந்தான் தெரியும், அத மாட்டறப்ப நான் அங்கதான ஆடு மேச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்ப எதுக்குக்கா சூப்பர்வைசர்கிட்ட என் பேரச் சொன்ன? அந்த அஞ்சையும் சொன்ன?"

"ஒங்க மாமா டிராக்டரு கொண்டார வரைக்கும் அந்தாள நிறுத்தி வெக்கணும்ல? எனக்கு நாலுதான் ஞாபகம் வந்துச்சு, அதுக்கு மேல இழுக்க முடியல. நீ வாயத் தொறந்தா பொழுது சாயுமேன்னு ஒனக்குப் போனப் போட்டுக் குடுத்தேன். நீ என்னாடான்னா, அன்னிக்குன்னு பாத்து ரெண்டே வார்த்தையில முடிச்சுட்ட."